மாலை கழற்றிய பிறகும் குடிக்கவில்லை. மீண்டுவிட்டார் என்று நம்பலாமா?

கவிதா, பல்லடம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் ஞாயிறு மட்டும் குடிப்பார். அப்புறம் கடை சாத்தியதும் ஒரு குவார்ட்டர் என்று ஆனது. கடைசி இரண்டு வருஷம் காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நின்று காயில் சுற்ற முடியும் என்ற நிலை.

வருஷா வருஷம் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுவார். அந்த ஒரு மண்டலம் தொடவே மாட்டார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிடுவார். போன கார்த்திகையில் மாலை போட்ட மறுநாள் கடையிலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு ராத்திரி யார் யாரோ வந்து நிற்பதாகச் சொல்லிக் கத்தினார். மாத்திரை, ஊசி, குளுக்கோஸ் எல்லாம் போட்டு ஒரு வாரத்தில் அனுப்பினார்கள். அந்த வருஷம் மலைக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே மாலையைக் கழற்றினார். அதிலிருந்து இன்றுவரை குடிக்கவில்லை.

ஊரே என்னைப் பார்த்து "உன் வீட்டுக்காரர் திருந்திவிட்டார்" என்கிறது. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் பேசுவதில்லை. பெண் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிறார். ராத்திரி தூங்க மாத்திரை போடுகிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது தீர்ந்து ரொம்ப நாள் ஆயிற்று. தெரிந்த மெடிக்கலில் வாங்கி, கடையில் ஒயர் வைக்கும் டிராயரில் வைத்திருக்கிறார். உதட்டில் ஹான்ஸ் வேறு. மாமியார் செரிமானத்துக்கு என்று அவருக்குத் தினமும் அரிஷ்டம் ஊற்றிக் கொடுக்கிறார். ஆவணியில் அவருடைய சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். கூட்டாளிகள் "ஜீரோ பீர் குடி, அதில் ஒன்றும் இல்லை" என்கிறார்கள். இதற்கு நடுவில் என் நாத்தனார், சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியே மறந்துவிடும் என்று ஒரு பொடியை ஆன்லைனில் வாங்கச் சொல்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டுக்குள் வந்ததும் நான் கிட்டப் போய் முகர்ந்து பார்க்கிறேன். வண்டிப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். இவரை மீண்டவர் என்று சொல்லலாமா? எப்போது சொல்லலாம்?

பழைய டிரைவர், நாமக்கல் பதில்:

அம்மணி, நான் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவன். குடியை விட்டுப் பல வருஷம் ஆகிறது, ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டத்துக்கு இன்றும் போகிறேன். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன்.

முதலில் ஒன்று. அவர் குடிக்காமல் இருக்கிறார் என்பதை யாரும் லேசாகப் பேச விடாதீர்கள். மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கிறது, ராத்திரி 10-க்குச் சாத்துகிறார்கள். அந்தப் பத்து மணி நேரத்தைத் தினமும் அவர் தாண்டி வருகிறார். கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று குடித்தவனுக்குத்தான் தெரியும்.

விரதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் மாலை போட்டவன்தான். கேபினில் ஐயப்பன் படம், டேஷ்போர்டில் விபூதி, காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எந்தத் தேதியில் கழற்றுவேன், எந்த பைபாஸ் கடையில் வண்டியை ஓரங்கட்டுவேன் என்பது முதல் நாளே மனசில் குறித்தாகிவிடும். விரதத்துக்கு முடிவுத் தேதி உண்டு. அந்தத் தேதி தெரிவதால்தான் அத்தனை நாள் தாங்க முடிந்தது. உங்கள் வீட்டுக்காரர் இந்தத் தடவை அந்தத் தேதியையும் தாண்டி வந்துவிட்டார், மலைக்குப் போகாமலேயே. இப்போது அவர் முன்னால் தேதி எதுவும் இல்லை. அதுதான் அவருக்குப் பயம் என்று நினைக்கிறேன். இந்தப் பயத்துக்காகத்தான் ஏ.ஏ.-யில் "இன்றைக்கு மட்டும்" என்று சொல்லித்தருகிறார்கள். நாளையைப் பற்றிச் சத்தியம் கேட்க மாட்டார்கள்.

பேசாமல் இருப்பது, எரிந்து விழுவது, இதெல்லாம் அவருக்கு மட்டும் நடப்பதில்லை. ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் தொடங்கியது. பில் என்ற பங்குச் சந்தைக்காரர், பாப் என்ற அறுவை மருத்துவர், இரண்டு பேரும் தனித்தனியாக விட முயன்று தோற்றவர்கள். உட்கார்ந்து ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்த பிறகுதான் பாப்புக்குக் குடி நின்றது, பில்லுக்கு அது நிலைத்தது. அந்த பில் பாப்பைச் சந்திக்கும் முன்பே, 1934 டிசம்பரில் குடியை விட்டவர். அதற்கப்புறமும் வருஷக்கணக்காக மனச்சோர்வில் கிடந்திருக்கிறார். 1958-இல் ஏ.ஏ. இதழிலேயே அதைப் பற்றி எழுதினார்: குடி நின்றுவிட்டது, மனசு இன்னும் தெளியவில்லை, அடுத்து நாம் போக வேண்டிய இடம் அதுதான் என்கிற மாதிரி. தொடங்கிவைத்த ஆளுக்கே அந்த நிலை.

சரி, நான் எதை வைத்துப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். மறைக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். குடித்த காலத்தில் என் பிழைப்பே மறைப்பதுதான். டீசல் பில், பேட்டா காசு, டூல் பாக்ஸுக்கு அடியில் பாட்டில், தண்ணீர் கேனில் கலந்தது. குடியை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கிருஷ்ணகிரியில் நின்றுகொண்டு ஓசூரில் இருக்கிறேன் என்று வீட்டுக்குச் சொல்வேன். ஒரு காரணமும் இருக்காது. என் ஸ்பான்சர், அதாவது ஏ.ஏ.-யில் எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர், ரிட்டயர்டு வாத்தியார். "இப்பவே வீட்டுக்குப் போன் போட்டு எந்த ஊர் என்று சரியாகச் சொல்" என்றார். குடியை விட்டதைவிட அந்த ஒரு போன் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதைச் செய்யச் செய்யத்தான் எனக்கு உள்ளே தெளிந்தது.

அதனால் எனக்கு உறுத்துவது மாத்திரையைவிட அந்த டிராயர்தான். டாக்டர் எழுதிக் கொடுத்து, உங்கள் எதிரில் தண்ணீர் வாங்கிப் போட்டால் அது மருந்து. சீட்டு இல்லாமல் வாங்கி ஒயருக்குக் கீழே வைத்தால், குடியின் இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது என்று எடுத்துக்கொள்வேன். ஹான்ஸை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டாம்.

சரவணம்பட்டி பதில்:

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

நானும் குடியை விட்டவன். ஐ.டி. வேலை, தனியாகக் குடித்தவன், யாருக்கும் தெரியாது. மனநல மருத்துவரிடம் போய் நால்ட்ரெக்ஸோன் எடுத்தேன். அது குடிக்கும் ஏக்கத்தையும் குடித்தால் வரும் கிக்கையும் குறைக்கிற மருந்து. ஒரு கூட்டத்துக்குப் போனபோது ஒருவர் "மாத்திரை போட்டுக்கொண்டு இருப்பது உண்மையான சோபர் இல்லை", அதாவது உண்மையில் குடியை விட்டதாக ஆகாது, என்றார். அதோடு நான் போகவில்லை. குடிக்காமல் இருப்பவனுக்கு, குடி நின்றும் குணம் மாறாதவன் என்ற அர்த்தத்தில் "ட்ரை ட்ரங்க்" என்று பெயர் வைப்பதும் எனக்குப் பிடிக்காது. ஒருவன் குடியை விட்டதும் அவனுடைய கோபம், மௌனம், முகம் எல்லாவற்றுக்கும் மார்க் போட ஆரம்பிக்கிறார்கள். எவ்வளவு எடுத்தாலும் பாஸ் இல்லை என்றால் அவன் எதற்குப் படிப்பான்?

கவிதா அக்கா, என் கணக்கில் உங்கள் கணவர் இன்று சோபர். மற்றதெல்லாம் சிகிச்சை தேவைப்படும் தனிப் பிரச்சினைகள். இத்தனை வருஷம் குடித்த மூளை சரியாக மாதக்கணக்கில் ஆகும். எனக்குத் தூக்கம் ஒழுங்காக வரவே அரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை வீட்டில் நான் ஒரு நல்ல ஆளாக இருந்தேன் என்று என் மனைவி சொல்ல மாட்டாள். இது குணக்கேடா மனச்சோர்வா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். "மீண்டுவிட்டாரா" என்ற கேள்வியோடு தினமும் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். அந்தப் பார்வை அவருக்குத் தெரியும்.

பழைய டிரைவர், நாமக்கல் பதில்:

தம்பி, கோபம் எதற்கு? உங்களிடம் அப்படிச் சொன்னவர் சொல்லியிருக்கக் கூடாது. ஏ.ஏ. உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பதுதான் அமைப்பின் நிலைப்பாடு. எங்கள் குரூப்பிலேயே மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மார்க் போடுவதைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரிதான். ஆனால் ஒன்று, நான் சொன்ன அடையாளம் மற்றவர்கள் அவரைப் பார்ப்பதற்கு இல்லை. அவர் தன்னைத்தானே பார்த்துக்கொள்வதற்கு. அம்மணியிடம் சொன்னதற்குப் பதில் அவரிடம் நேரில் சொல்ல வேண்டியது. வாய்ப்புக் கிடைத்தால் சொல்கிறேன்.

வார்டு செவிலி, மதுரை பதில்:

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாதத்துக்குள் வரவில்லை, ஆபத்தான விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பொடியை வாங்கவே வாங்காதீர்கள். இப்படி விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிலர் டைசல்ஃபிராம் மாத்திரையையே பொடி செய்து குழம்பில் கலந்து கொடுக்கிறார்கள். அது மது உடலில் உடையும் வழியை நடுவில் அடைத்துவிடும் மருந்து. அசெட்டால்டிஹைடு என்ற நச்சு ரத்தத்தில் சேரும். முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நல்ல மருந்துதான், ஆனால் எடுப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, இருதயமும் கல்லீரலும் பார்த்த பிறகு கொடுக்க வேண்டியது. கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். தெரியாமல் சாப்பிட்ட மனுஷன் கல்யாண வீட்டில் ஒரு மடக்குக் குடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது. பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும், பீருக்குக் குறையாது. மாமியார் மேல் தப்பில்லை, ஆனால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். குடிநோய் உள்ளவருக்கு என்று வைத்தியரிடம் சொன்னால் சூரணமாகவோ மாத்திரையாகவோ மாற்றித் தருவார். இருமல் மருந்து வாங்கும்போதும் லேபிளைப் படியுங்கள். ஜீரோ பீரில் ஆல்கஹால் இல்லாமலே இருக்கலாம், சிலவற்றில் 0.5 சதவீதம் வரை இருக்கும். அளவைவிட அந்தப் பாட்டில், அந்த நுரை, அந்த வாசனை, அந்தக் கூட்டாளிகள் எல்லாம் சேர்ந்து ஏக்கத்தைக் கிளப்புவதுதான் பிரச்சினை. முதல் வருஷத்தில் வேண்டாம் என்றுதான் எங்கள் பிரிவில் சொல்கிறோம்.

தூக்க மாத்திரை விஷயத்தில் டிரைவர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவர் போடுவது அநேகமாக லொராசிபாம், அல்பிரசோலாம் வகையாக இருக்கும். மூளையில் மது வேலை செய்யும் அதே இடத்தில்தான் இவையும் வேலை செய்கின்றன. அதனால்தான் குடி நிறுத்தும் முதல் சில நாளுக்கு வலிப்பைத் தடுக்க இவற்றைக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறோம். மாதக்கணக்கில் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் மறுபடி வலிப்பு வரலாம். கோபத்தில் அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

இது மாலை போடும் எல்லோருக்கும்: தினமும் குடித்து, காலையில் கை நடுங்குகிறவர்கள் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. வலிப்பு பெரும்பாலும் கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள் நிற்பதாகத் தெரிவது, பிதற்றுவது, காய்ச்சல், வியர்வை எல்லாம் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். அது டெலிரியம், கவனிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. கார்த்திகை முதல் வாரம் எங்கள் வார்டில் கழுத்தில் துளசி மாலையோடு ஆட்களைப் பார்த்திருக்கிறேன். மாலை போடுவதற்கு முன்னாலேயே டாக்டரைப் பாருங்கள். தயாமின் என்ற பி1 ஊசி போட வேண்டியிருக்கும், அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது மூளைக்குக் கெடுதல்.

ஹான்ஸையும் தள்ளிப்போட வேண்டாம். இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் குடி திரும்பிவிடும் என்பது பழைய நம்பிக்கை. குடியும் புகையிலையும் சேர்ந்த வாயில் புற்றுநோய் அபாயம் அதிகம்.

சேலத்து அம்மா பதில்:

கவிதா, எல்லோரும் அவரைப் பற்றிப் பேசிவிட்டார்கள். நான் உன்னைப் பற்றிப் பேசுகிறேன்.

நானும் முகர்ந்து பார்த்தவள்தான். சட்டைக் காலரை, பல் துலக்கும் பிரஷ்ஷை, எல்லாவற்றையும். அவர் குடியை விட்டு வெகுகாலம் ஆகியும் கேட் சத்தம் கேட்டால் என் வயிறு இறுகும். செருப்பை எப்படி விடுகிறார், நேராகவா கோணலாகவா என்று காது பார்க்கும். குடியை விட்டவர் குடும்பத்திலும் அவருடைய பழைய குடி இப்படி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஏ.ஏ.-யின் பில்லுக்கு லோயிஸ் என்று மனைவி. பில் குடியை விட்ட பிறகு தனக்குள் எவ்வளவு கோபம் இருக்கிறது என்று அந்த அம்மாவுக்கே தெரிந்ததாம். 1951-இல் குடிநோயாளிகளின் குடும்பத்துக்கென்று அல்-அனான் என்ற அமைப்பை அவர்தான் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து தொடங்கினார். நான் அங்கே போகிறேன்.

அங்கே உட்கார்ந்து கற்றுக்கொண்டு வீட்டில் ஒரு நாள் சொன்னேன்: "நீங்க உள்ளே வந்ததும் நான் மோந்து பார்க்கிறேன். எனக்கு இன்னும் பயமா இருக்கு. இதை நிறுத்தணும்னு பார்க்கிறேன், கொஞ்ச நாள் ஆகும்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வந்ததும் அவரே நேராக அடுக்களைக்கு வந்து, எதிரில் நின்று, என்ன குழம்பு என்று கேட்க ஆரம்பித்தார். எதற்காக வந்து நின்றார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வண்டிப் பெட்டியைத் திறப்பதை விடு. அதில் பாட்டில் இருந்தாலும் நீ அதைத் தடுக்கப் போவதில்லை, இல்லாவிட்டாலும் உனக்கு நிம்மதி வரப் போவதில்லை. எப்போது மீண்டவர் என்று சொல்லலாம் என்று கேட்டாய். ஊருக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. யாராவது கேட்டால் "நல்லா இருக்கார், கடைக்குப் போறார்" என்று சொல், போதும். பெண்ணிடம் மட்டும் உட்கார்ந்து பேசு. அப்பா எரிந்து விழுவது அவள் கணக்கில் தப்புப் போட்டதால் இல்லை என்று யாராவது அவளுக்குச் சொல்லியாக வேண்டும்.

கவிதா, பல்லடம் பதில்:

எல்லோருக்கும் நன்றி. அம்மா, உங்கள் பதிலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை. பெண்ணிடம் பேசினேன். "எனக்குத் தெரியும்மா" என்றாள். பன்னிரண்டு வயசு.

அத்தையிடம் அரிஷ்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அழுகையே வந்துவிட்டது, தெரியாமல் கொடுத்தேனே என்று. நாத்தனாரிடம் பொடி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். ராத்திரி சாப்பிட்ட பிறகு அட்டையைக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். தினமும் இரண்டு போடுகிறாராம். "இது இல்லாம ராத்திரி கண்ண மூடுனா ஆஸ்பத்திரில பார்த்த ஆளுங்க வந்துருவாங்களோன்னு பயமா இருக்கு" என்றார். இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் பேசிய பெரிய வாக்கியம் இதுதான். டாக்டரிடம் போகலாமா என்றேன், சரி என்றார். எங்கே போவது? டிரைவர் அண்ணா, கல்யாணத்துக்குப் போகலாமா வேண்டாமா? போகாவிட்டால் சித்தப்பா வீட்டில் மனஸ்தாபம் ஆகும்.

பழைய டிரைவர், நாமக்கல் பதில்:

அட்டையை அவரே கொண்டு வந்து கொடுத்தாரா, போதும் அம்மணி, நான் கேட்டது அதுதான்.

கல்யாணத்துக்குப் போங்கள், முகூர்த்தத்துக்கு மட்டும். முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் தங்கக் கூடாது, அங்கேதான் மாடியில் குடிக் கச்சேரி நடக்கும். காலையில் போய், தாலி கட்டியதும் பந்தியில் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். சொந்த வண்டியில் போங்கள், இன்னொருவர் வண்டியை நம்பினால் அவர் கிளம்பும்வரை நிற்க வேண்டியிருக்கும். வயிறு காலியாக இருக்க விடாதீர்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில்தான் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் விழுகிறார்கள். கூட்டாளி யாராவது ஓரமாகக் கூப்பிட்டால் "டாக்டர் மருந்து எடுக்கிறேன், சேராது" என்று ஒரே பதில். விளக்கம் வேண்டாம். அவருக்குச் சம்மதம் என்றால் என் நம்பரை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். அன்றைக்கு எந்த நேரமும் போன் போடலாம். ஏ.ஏ.-யில் கட்டணம் எதுவும் இல்லை, குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். பக்கத்தில் நடக்கும் கூட்டத்துக்கு முதல் தடவை நானே வந்து கூட்டிப் போகிறேன்.

வார்டு செவிலி, மதுரை பதில்:

உங்கள் மாவட்டத்தின் அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓ.பி.-க்குப் போங்கள், இலவசம்தான். போவதற்கு முன் பேச வேண்டும் என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். போதை மீட்புக்கு 14446 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. தனியார் மையம் எதிலாவது சேர்க்க நினைத்தால், மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஆளைக் கட்டாயமாக வண்டியில் தூக்கிப்போகிற இடம் வேண்டவே வேண்டாம்.

மாத்திரை அட்டை, வலிப்பு வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, இரண்டையும் எடுத்துப் போங்கள். அந்த ஆட்கள் வந்துவிடுவார்களோ என்ற பயத்தை டாக்டரிடம் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அதுவரை எப்போதும் போடும் அளவையே போடட்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.